அந்தக் காகிதமெல்லாம் எங்கே போகிறது?

எலோர்ம் அந்த இரண்டு கோடுகளையும் முதன்முதலில் காட்டியபோது நான் கைதட்டிவிட்டேன். சிவப்புக் கோடு நாங்கள், கானா. பச்சைக் கோடு பக்கத்து நாடு, ஐவரி கோஸ்ட். இரண்டு நாடுகளும் வருஷா வருஷம் வெளியிலிருந்து எவ்வளவு காகிதமும் அட்டையும் இறக்குமதி செய்தன என்று கணினித் திரையில் போட்டிருந்தார். ஆரம்பத்தில் பச்சைதான் மேலே. நடுவில் ஓரிடத்தில் சிவப்பு அதை வெட்டிக்கொண்டு ஏறியது, பிறகு இறங்கவே இல்லை. கால்பந்தில் அவர்களிடம் நாங்கள் வாங்கிய அடி ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் கை முந்திக்கொண்டது.

"ஜெயிச்சிட்டோம்" என்றேன்.

"அக்கா, இது இறக்குமதி. கோடு மேல போனா ஜெயிச்சதா அர்த்தமில்ல."

எலோர்ம் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பாடம் எடுப்பவர். வோல்ட்டாப் பக்கத்துக்காரர். ஒரு வாக்கியத்தை வாய்க்குள்ளேயே நாலு தரம் மென்றுவிட்டுத்தான் வெளியே விடுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. குமாசியில் அசாஃபோ பகுதியில் அச்சகம் வைத்திருக்கிறேன். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி என் குரல் இப்படி ஆயிற்று. குணமும் கூடவே போயிற்று என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. குணம் பிறவியிலேயே இப்படித்தான்.

எதற்கு இந்தக் கோடெல்லாம் என்றால், எங்கள் வயிற்றெரிச்சல் அப்படி. எங்கள் பிள்ளைகளின் பாடநூல்கள் கடல் தாண்டி எங்கோ அச்சாகி, கட்டுக்கட்டாகக் கப்பலில் வந்து இறங்கும். புத்தகமாக வந்தால் வரி இல்லை. அதையே நாங்கள் இங்கே அச்சடிக்கலாம் என்று வெறும் காகிதமாக வரவழைத்தால் வரி. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? அச்சகக்காரர்கள் சங்கத்தில் கூடிக் கூடிப் பேசினோம். கடைசியில் தலைநகர் அக்ராவிலிருந்து ஒரு வரி ஆய்வுக் குழு குமாசிக்கு வருகிறது, மனுவோடு வாருங்கள் என்று தகவல் வந்தது. சங்கச் செயலாளர் என்ற முறையில் பேச வேண்டியவள் நான். வரி போய்விட்டால் பாடநூல் வேலை எங்கள் கைக்கு வரும். வராவிட்டால், என் அச்சகத்தில் பாதிப்பேரை அடுத்த வருஷம் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஒவ்வொருவரிடமும் போய் நான்தான் அதைச் சொல்ல வேண்டும்.

சும்மா புலம்பினால் யாரும் கேட்கமாட்டார்கள், பக்கத்து நாட்டோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்று யோசனை சொன்னவர் எலோர்ம்தான். மகராசன், கூலிகூட வேண்டாம் என்றுவிட்டார். நான் வெற்றிக் களிப்பில் இருந்தபோது அவர் திரையில் இன்னும் ஏதேதோ தட்டி, அந்தச் சிவப்பை மூன்று நாலு மெல்லிய கோடுகளாகப் பிரித்தார். பச்சையையும் பிரித்தார்.

"அவங்க வாங்குறதுல பெரும்பகுதி அட்டை, அக்கா. வாழைப்பழம் பெட்டி கட்டி அனுப்புறாங்கள்ல, அதுக்கு. அப்புறம் நோட்டுப் பேப்பர். நம்மள பாருங்க. நோட்டுப் பேப்பர் கோடு அப்படியே படுத்துக் கிடக்கு. ஏறுறது இது ஒண்ணுதான். பளபளப்புப் பேப்பர். எதுக்கு இவ்வளவுன்னு கேட்டா என்ன சொல்றது?"

"வளர்ச்சின்னு சொல்லுங்க" என்றேன்.

"எதோட வளர்ச்சி?"

நான் அவருக்கு ஒரு தட்டு ஃபுஃபு வரவழைத்தேன். சாப்பிடுகிற வாய் கேள்வி கேட்காது என்று கணக்கு. ஆட்டுக்கறிச் சூப்பை உறிஞ்சிக்கொண்டே, உங்கள் அச்சகத்தில் போட்ட பள்ளிப் புத்தகம் ஏதாவது இருந்தால் அன்றைக்குக் கையோடு கொண்டு வாருங்கள், தரத்தைக் காட்டலாம் என்றார். அதற்கென்ன, பிரமாதமாகக் காட்டலாம் என்றேன். பிரித்துப் போட்ட கோடுகளை மட்டும் வேண்டாம் என்றேன். பெரிய கோடு இரண்டு போதும், குழுவுக்குத் தலை சுற்றும்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்மா பெயர் அசாபியா. ஊருக்கு டீச்சர் அசாபியா. ஓய்வுபெற்று என் வீட்டோடு வந்த பிறகும் சும்மா இருந்தவள் இல்லை. தெருமுனைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் தினமும் போய் உட்கார்ந்துகொள்வாள், சம்பளம் கிம்பளம் ஒன்றும் கிடையாது. அங்கே வாசிக்கப் புத்தகம் இல்லை. இருந்த ஒன்றிரண்டை அம்மா பிய்த்து ஆளுக்கு நாலு பக்கமாகக் கொடுத்து வாசிக்கச் சொல்வாளாம். நடுப்பக்கம் கிடைத்த பிள்ளைக்குக் கதையின் ஆரம்பமும் தெரியாது, முடிவும் தெரியாது. அம்மா தானே ஒரு கதை எழுதினாள். ட்ரோட்ரோ வண்டியில் டிக்கெட் எடுக்காமல் ஏறி உட்கார்ந்துவிட்ட ஓர் ஆட்டின் கதை. எங்கள் ட்வி மொழியில், பெரிய பெரிய எழுத்தில். பதினாறு பக்கம், ஒரே ஃபாரம், கறுப்பு மை போதும்.

"அச்சகம் வெச்சிருக்கியே, என் பிள்ளைங்களுக்கு இதப் போட்டுக் குடேன்" என்றாள்.

காகிதம் விற்கிற விலையில் முடியாது அம்மா, வரி குறையட்டும் என்றேன். பொய் சொல்லவில்லை. விலை அப்படித்தான் இருந்தது. அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் விடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில், சோற்றுத் தட்டைக் கழுவும்போது, ஏதோ மழை வருமா என்று விசாரிப்பவளைப் போல, "வரி குறைஞ்சிடுச்சா?" என்று கேட்பாள். இன்னும் இல்லைம்மா என்பேன். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதுகூட ஒருநாள் கேட்டாள். நர்ஸ் ஏதோ நினைவு தப்பிப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா போனாள். பிணவறையில் வைத்துவிட்டுச் சாவகாசமாக ஏற்பாடு செய்தோம். எங்கள் பக்கம் அப்படித்தான். டொரன்டோவிலிருந்து என் தம்பி வர வேண்டும், பந்தல் போட வேண்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரித் துணி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வருகிறவர்கள் கையில் கொடுக்க நினைவு மலர் அடிக்க வேண்டும். சாவு வீட்டு மலர் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் குமாசியில் பிள்ளைகளை எடை போடுவார்கள். அச்சகக்காரியின் அம்மா மலர் சோப்ளாங்கியாக இருந்தால் நான் தெருவில் நடமாட முடியுமா? காகித வியாபாரிக்கு ஒரு போன் அடித்தேன். இருப்பதிலேயே தடித்த ஆர்ட் பேப்பர் அன்று மாலையே வந்து இறங்கியது. ஆறு ஃபாரம். எல்லாம் வண்ணம். அட்டையில் அம்மா சிரிக்கிற படம், சுருக்கத்தையெல்லாம் துடைத்து, நிறத்தையும் கொஞ்சம் ஏற்றி. உள்ளே பிள்ளைகளின் அஞ்சலி, மருமக்களின் அஞ்சலி, பழைய மாணவர்கள், சர்ச் பாடகர் குழு, தெருவில் ரொட்டி விற்பவர் வரைக்கும் ஆளுக்கொரு பக்கம். பிள்ளைகளின் அஞ்சலியை எழுதியவள் நானே. எழுதும்போது அழுதேன். நிஜமாகவே அழுதேன்.

சனிக்கிழமை பந்தலுக்குக் கீழே அத்தனை பேரும் அம்மாவை வைத்து விசிறிக்கொண்டார்கள். வெயிலுக்கு மலரால் விசிறுவது எங்களுக்குக் கையோடு பிறந்த பழக்கம். எவ்வளவு கனமான தாள், காற்று அள்ளிக்கொண்டு வருகிறது என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. திங்கட்கிழமை தெருமுனையில் வறுத்த வாழைக்காய் விற்பவள் அதில்தான் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அதுவும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எல்லோருடைய மலரும் அங்கேதான் போய்ச் சேரும். என் அச்சகத்தில் வாரா வாரம் வியாழக்கிழமை நடப்பது இந்த வேலைதான். நாளை மறுநாள் அடக்கம் என்று குடும்பங்கள் வந்து கழுத்தில் உட்காரும். ஆனால் கேளுங்கள், என்ன அச்சடிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் புத்தகம், நாட்காட்டி, நோட்டீஸ் என்றுதான் என் வாயில் வரும். சாவுக்குப் போகும் காகிதத்தை எங்கள் ஊரில் யாரும் காகிதமாகவே எண்ணுவதில்லை. அது மரியாதை, அவ்வளவுதான்.

குழு வருகிற நாளன்று காலையில் எலோர்ம் கேட்ட பள்ளிப் புத்தகத்தைத் தேடினேன். கிடங்கைத் தலைகீழாகப் புரட்டியும் ஒன்றும் அகப்படவில்லை. அடித்திருந்தால்தானே அகப்படும்? மூலையில் அம்மாவின் மலர் மிச்சம் இருந்தது, பிரிக்காத கட்டு. என் அச்சகத்தில் இதைவிடச் சுத்தமான வேலை நடந்ததில்லை. தரம் என்றால் தரம்தானே, எதில் இருந்தால் என்ன என்று தூக்கி வண்டியில் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் பெருமையைத் தவிர வேறொன்றும் என் மனசில் இல்லை.

கூட்டம் நகர மண்டபத்தில். குழுத் தலைவி திருமதி லாமிலே, அக்ராக்காரி, என் வயசுதான் இருக்கும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வைத்திருந்தாள். ஆரம்பப் பிரார்த்தனையை என்னையே செய்யச் சொன்னார்கள். விடுவேனா? இந்த நாட்டின் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு புத்தகம் தாரும் ஆண்டவரே என்று ஆரம்பித்து, எகிப்து, செங்கடல் எல்லாம் சுற்றி வந்து ஆமென் போட்டேன். பின் வரிசையிலிருந்த எங்கள் சங்கத்துக்காரர்கள் பலத்த ஆமென் சொன்னார்கள்.

எலோர்ம் கோடுகளைத் திரையில் போட்டு விளக்க ஆரம்பித்தார். நான் மலர்களை எல்லோருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன், எங்கள் உள்ளூர் வேலை, கையில் பிடித்துப் பாருங்கள் என்று. சிவப்பு பச்சையை வெட்டுகிற இடத்துக்கு அவர் வரும்போது கரண்ட் போயிற்று. திரை இருண்டது. மேலே மின்விசிறிகள் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றன. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம். மண்டபம் சட்டென்று அடுப்படியாகிவிட்டது.

எலோர்ம் வாயாலேயே சொல்லி முடித்தார். ஐவரி கோஸ்ட்டை நாங்கள் தாண்டிவிட்டோம், இவ்வளவு காகிதம் வாங்கும் நாட்டில் வரி இப்படி இருப்பது சரியா என்றார்.

திருமதி லாமிலே கேட்டாள்: "சரி, தாண்டிட்டீங்க. நம்ம கோடு அவ்வளவு ஏறுதே, அந்தக் காகிதமெல்லாம் எங்க போகுது?"

எலோர்ம் வழக்கம்போல மென்றுகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"பிள்ளைங்க கைக்குத்தான் மேடம். வேற எங்க போகும்?"

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்ட சிரிப்பு. யார் அது என்று கடிந்துகொள்ளத் திரும்பினேன். அப்போதுதான் பார்த்தேன். மண்டபம் முழுக்க விசிறிக்கொண்டிருந்தார்கள். குழு உறுப்பினர்கள், குமாஸ்தாக்கள், எங்கள் சங்கத்து ஆட்கள், கதவருகே நின்ற காவலாளி, எல்லோர் கையிலும் அம்மா. யாரும் யோசித்துச் செய்யவில்லை. புழுக்கம், கையில் மலர், அவ்வளவுதான். சுருக்கமெல்லாம் துடைத்த அந்தச் சிரித்த முகம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வரிசை வரிசையாக ஆடியது. இல்லை, இல்லை என்று தலையை ஆட்டுகிற மாதிரி இருந்தது. நான் சொன்னதை அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். காகிதம் எங்கே போகிறது என்பதும் அவர்கள் கையிலேயே இருந்தது. ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டு விசிறுவதை நிறுத்தினார்கள்.

விசிறாமல் இருந்தவள் திருமதி லாமிலே ஒருத்திதான். அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

இது யார் என்று கேட்டாள். என் அம்மா என்றேன். சற்று நேரம் தலை குனிந்து மரியாதை செய்தாள், குழுவும் செய்தது. அதோடு விட்டிருந்தால் அவளுக்குப் புண்ணியமாகப் போயிருக்கும். பக்கத்தைத் திருப்பி, பிள்ளைகளின் அஞ்சலி என்று சொல்லி வாய்விட்டு வாசித்தாள்: 'வாசிக்க ஒரு புத்தகம் இல்லாமல் எந்தப் பிள்ளையும் இருக்கக் கூடாது. இதுவே எங்கள் தாயாரின் கடைசி ஆசை. அவர் தம் கைப்பட எழுதிய கதை ஒன்று அச்சேறக் காத்திருக்கிறது.'

எழுதியவள் நான்தான். அழுதுகொண்டே எழுதியது.

"அந்தக் கதை அச்சேறிடுச்சா மேடம்?" என்று கேட்டாள்.

"இல்ல மேடம்."

"பெரிய புத்தகமோ?"

"இல்ல. பதினாறு பக்கம்."

"அப்புறம் ஏன்?"

என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அம்மாவிடம் சொன்ன பதில். வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நாக்கு பழகிய பாதையிலேயே போயிற்று.

"வரி, மேடம்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். மலரின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தாள், கட்டைவிரலால் தாளைத் தடவினாள்.

"இதுக்கு வரி இல்லையா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தரையைப் பார்த்தால் தரையிலும் ஒரு மலர் விழுந்து கிடந்தது.

அவள் எலோர்மிடம் திரும்பி, உங்கள் சிவப்புக் கோட்டில் இந்த மாதிரித் தாள் எவ்வளவு என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். பாவம், அந்தப் பார்வையில் குற்றம் சொல்லும் ஒன்றும் இல்லை. சொல்லுங்கள் என்று கையைக் காட்டினேன். பிறகென்ன மிச்சமிருக்கிறது?

"ஏறினதெல்லாம் இதுதான் மேடம்" என்றார்.

அதற்குப் பிறகு கூட்டம் சுருக்கமாக முடிந்தது. பள்ளிக் காகிதத்தைத் தனியாகப் பிரித்துக் கணக்குக் கொண்டுவாருங்கள், அப்போது பார்க்கலாம். பளபளப்புத் தாளின் வரியைத் தொடுவதற்கில்லை என்றார்கள். அப்போது என்பது எப்போது என்று சொல்லவில்லை. எங்கள் சங்கத்து ஆட்கள் என்னைத் திட்டக்கூட இல்லை. ஒருத்தன் மட்டும் போகிற போக்கில், "அக்கா, ஒரு நோட்டுப் புத்தகமாவது கொண்டாந்திருக்கலாமே" என்றான். அவன் அச்சகத்தில் நடப்பதும் சாவு வேலைதான். என் ஆட்கள் பாதிப்பேரின் முகம் வரிசையாகக் கண்ணுக்குள் வந்தது. அதற்குப் பின்னால் அம்மாவின் இரண்டாம் வகுப்பு.

எல்லோரும் போன பிறகு மலர்களைப் பொறுக்கினேன். சாவுப் பந்தலில் கிடப்பது போலவே நாற்காலி நாற்காலியாகக் கிடந்தன, முகம் மேலே பார்க்க. விசிறி விசிறி அட்டை மடங்கி, அம்மாவின் நெற்றியில் கோடு விழுந்திருந்தது. துடைத்த சுருக்கமெல்லாம் திரும்பி வந்துவிட்டதே என்று தோன்றியது.

நிமிர்ந்தால் திருமதி லாமிலே பக்கத்தில் நின்றிருந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். மேடையில் இருந்த குரல் இல்லை.

"இத நான் வெச்சுக்கலாமா?" என்று மலரைக் காட்டினாள்.

வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் போகவில்லை. அப்பாவுக்கு முடியவில்லை, டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள், பெரிய குடும்பம், அக்ராவில் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள் என்று தணிந்த குரலில் சொன்னாள். உங்கள் அச்சகத்தில் அக்ரா வேலை எடுப்பீர்களா என்று கேட்டாள். இதே தாள், இதே கனம். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

போன் எண்ணைச் சொன்னேன். கடைசி எண்களை இன்னொரு தரம் நிறுத்திச் சொன்னேன், தப்பாகக் குறித்துக்கொள்ளக் கூடாதே என்று.

"அவசரத்துல கேட்டா பேப்பர் கிடைக்குமா? தட்டுப்பாடு ஒண்ணும் இருக்காதே?"

எலோர்ம் கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் எனக்காக நின்றிருந்தார். நான் சொல்லப்போவது அவருக்குக் கேட்கும் என்று தெரிந்தே இருந்தேன். ஆனாலும் எத்தனையோ வியாழக்கிழமைகளில் எத்தனையோ குடும்பங்களிடம் சொன்னது, தானாக வந்துவிட்டது.

"அதெல்லாம் ஒரு போன்ல வந்துடும் மேடம். நீங்க கவலையே படாதீங்க."

அம்மாவிடம் ஒரு நாளும் நான் அப்படிச் சொன்னதில்லை.